வானம் அடைபட்டால் தொழிலாளிக்கு வழி எது?

2025 ஜூன் 13-ந் தேதி இஸ்ரேல் ஈரான் மீது குண்டு வீசியது. அன்றே ஈரானின் வானம் மூடப்பட்டது. பத்து நாள் கழித்து, ஜூன் 23-ந் தேதி இரவு, கத்தாரிலுள்ள அமெரிக்க ராணுவத் தளத்தின் மீது ஈரானின் ஏவுகணைகள் பாய்ந்தன. கத்தாரும் அதன் அண்டை நாடுகள் சிலவும் தங்கள் வானத்தைச் சில மணி நேரம் மூடின. பாதி வழி வந்த விமானங்கள் திரும்பிப் போயின. மூட்டை முடிச்சுகளுடன் விமான நிலையங்களில் ஜனங்கள் சிக்கிக் கொண்டனர்.

சண்டை போட்டது யார்? குண்டு யாருடையது? தளம் யாருடையது? நடுவில் சிக்கிக் கொண்டவன் யார்?

ராமநாதபுரத்துக் கொத்தனாருக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. தஞ்சை மாவட்டத்து டிரைவர் யாருக்கும் குண்டு சப்ளை செய்யவில்லை. ஆனால் வானம் அடைபட்டதும் வீட்டுக்குத் திரும்ப வழியின்றித் திகைத்து நிற்பவர்கள் அவர்கள்தான்.

இது முதல் தடவையல்ல. 1990-ல் குவைத், 2011-ல் லிபியா, 2015-ல் ஏமன், 2022-ல் உக்ரெய்ன் என்று ஒவ்வொரு யுத்தத்திலும் இதே காட்சியைக் கண்டோம். 2020-ல் யுத்தமில்லாமலே, கொரோனா நோயின் பேரால், உலகத்தின் வானமே மூடப்பட்டது. எனவே ஏதோ ஒரு வருஷத்தில் தற்செயலாக நேர்ந்த விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. திரும்பத் திரும்ப வரும் ஆபத்து இது. வரும் என்று தெரிந்த ஆபத்துக்கு முன்கூட்டி ஏற்பாடு செய்யாத சர்க்காரை நாம் என்னவென்று சொல்வது?

"நாம் ஆலையில் நூல் நூற்கிறோம், வயலில் நாற்று நடுகிறோம், விமானத்தைப் பற்றி நமக்கென்ன?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். தோழர்களே, உங்கள் தெருவை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எத்தனை வீட்டுப் பையன்கள் துபாயிலும் குவைத்திலும் ரியாத்திலும் இருக்கிறார்கள்? வளைகுடா நாடுகளில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கோட்டு சூட்டுப் போட்ட அதிகாரிகளல்ல. கம்பி கட்டுகிறவர்கள், சுவர் எழுப்புகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பிறர் வீட்டில் சமைத்துத் துவைக்கும் பெண்கள். ஆலை மூடியதால் போனவர்கள், ஆற்றில் தண்ணீர் வராததால் போனவர்கள், அக்காளின் கல்யாணக் கடனை அடைக்கப் போனவர்கள். அவர்கள் வேறு யாருமல்ல, நாம்தான்.

மார்ச்சில் மூடிய கதவு

2020-ல் நடந்ததை விவரமாக நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சர்க்காரின் குணம் முழுவதும் அந்தச் சில மாதங்களில் வெளிப்பட்டது.

மார்ச் 19-ந் தேதி அறிவிப்பு வந்தது. மார்ச் 22 முதல் வெளிநாடுகளிலிருந்து பிரயாணி விமானம் எதுவும் இந்தியாவுக்குப் புறப்படக் கூடாது! இடையில் மூன்று நாள். பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுக் கூலி வேலை பார்க்கும் தொழிலாளி மூன்று நாளில் லீவு கேட்டு, பாக்கிச் சம்பளம் வாங்கி, பாஸ்போர்ட்டை மீட்டு, டிக்கெட் எடுத்து விமானம் ஏற முடியுமா? பணமுள்ளவனால் முடிந்திருக்கலாம். தொழிலாளியால் முடியவில்லை.

அதற்குப் பிறகு மே 7-ந் தேதி வரை, அதாவது 46 நாள், கதவு அடைத்தே இருந்தது. அந்த 46 நாளும் வளைகுடாவின் தொழிலாளர் முகாம்கள் எப்படியிருந்தன? ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பலர் படுக்கும் இடம் அது. ஒருவர் இருமினால் அறை முழுவதும் இருமும். தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நிற்க இடம் எங்கே? வேலை நின்றது. வேலை நின்றதும் பல கம்பெனிகள் சம்பளத்தையும் நிறுத்தின. சாப்பாட்டுக்குத் தர்மப் பொட்டலங்களை எதிர்பார்த்தவர்கள் ஏராளம்.

அதே ஏப்ரல் மாதம் குவைத் சர்க்கார், விசாக் காலம் முடிந்தும் தங்கிவிட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தது. தன் செலவிலேயே ஊருக்கு அனுப்பவும் முன்வந்தது. பேர் கொடுத்த இந்தியர்கள் முகாம்களில் காத்துக் கிடந்தார்கள். விமானம் தர அயல் சர்க்கார் தயார். ஏறத் தொழிலாளி தயார். இறங்கத்தான் சொந்த நாட்டில் அனுமதியில்லை! நோய் பரவாமல் தடுக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் சோதித்து, தனியே தங்கவைத்து, கவனிப்பதற்குப் பெயர்தான் தடுப்பு. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பொறுப்பைத் தட்டிக் கழிப்பது.

கணக்குப் பார்ப்போம்

மே 7-ந் தேதி "வந்தே பாரத்" என்ற பெயரில் விமானங்கள் கிளம்பின. அபுதாபியிலிருந்து கொச்சிக்கும், துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் முதல் விமானங்கள் வந்தன. அடுத்து சென்னைக்கும் வந்தன. பத்திரிகைகள் மீட்பு, மீட்பு என்று முழங்கின.

ஆனால் மீட்கப்பட்டவன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினான் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டார்கள். வளைகுடாவிலிருந்து சுமார் 15,000 ரூபாய். லண்டனிலிருந்து 50,000. அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம்.

நாமும் உங்களுடன் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் ஆயிரம் திர்ஹம் வாங்கும் ஒரு கட்டடத் தொழிலாளியை எடுத்துக் கொள்வோம். அன்றைய மதிப்பில் அது சுமார் 20,000 ரூபாய். அதில் முக்கால் பங்கு ஒரு டிக்கெட்டுக்குப் போயிற்று. அவனுக்கு ஏப்ரலில் சம்பளமே இல்லை. மார்ச் சம்பளம் பாக்கி. ஊரில் ஏஜண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டப்படி ஏஜண்டு வாங்கக்கூடிய தொகைக்கு 30,000 ரூபாய் என்று வரம்பு உண்டு. ஆனால் அந்த வரம்பை மீறி வாங்காத ஏஜண்டை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது ஊரறிந்த விஷயம். இந்த நிலையில் 15,000 ரூபாயைப் புரட்ட வேண்டுமானால் வீட்டில் மிச்சமிருக்கும் தோடு மூக்குத்திதான் அடகுக் கடைக்குப் போக வேண்டும்.

இதோடு முடிந்ததா? இல்லை. மார்ச், ஏப்ரலில் ஊருக்கு வர முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்கள் பலர். விமானம் ரத்தாயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? "உங்கள் பணம் எங்கள் கணக்கில் இருக்கிறது, பிற்பாடு பறந்து கொள்ளலாம்" என்றன விமானக் கம்பெனிகள். பறக்காத விமானத்துக்கு ஒரு டிக்கெட், பறந்த விமானத்துக்கு இன்னொரு டிக்கெட்! ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2020 அக்டோபர் 1-ந் தேதி. ஆறு மாதம் ஏழைகளின் பணத்தை வட்டியில்லாக் கடனாக வைத்துக் கொண்டன கம்பெனிகள். மளிகைக் கடையில் நாம் ஒரு மாதப் பாக்கி வைத்தால் கடைக்காரர் தெருவில் நிறுத்திக் கேட்கிறார். கம்பெனி பாக்கி வைத்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

வந்து இறங்கிய பிறகும் செலவு தீரவில்லை. ஏழு நாள் தனிமை முகாமில் சொந்தச் செலவில் தங்க வேண்டும் என்று மே 24-ந் தேதி மத்திய சர்க்கார் விதி செய்தது. அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்த பிறகே விமானம் ஏற முடியும்.

கடைசியாக, எல்லாவற்றையும் விடக் கொடுமையான கணக்கு ஒன்று உண்டு. அவசரத்தில் கிளம்பியவன் பாக்கிச் சம்பளத்தையும், வருஷக்கணக்கில் சேர்ந்த பணிக்கொடையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். "ஊருக்குப் போ, அனுப்பி வைக்கிறோம்" என்ற வார்த்தையை நம்பினான். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிய கம்பெனிகளும் உண்டு. கடல் தாண்டி வந்தவன் எந்த லேபர் கோர்ட்டில் வழக்குப் போடுவான்? இதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ நமக்குத் தெரியாது. தமிழில் இதற்குப் பெயர் திருட்டு.

அந்த ஆகஸ்டு 7-ந் தேதி இரவை எப்படி மறப்பது? துபாயிலிருந்து வந்த "வந்தே பாரத்" விமானம் ஒன்று கொட்டும் மழையில் கோழிக்கோட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர் மாண்டனர். விமானிகள் இருவரும் அதில் அடக்கம். வேலை போய்த் திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தனர். பல மாதம் காத்திருந்து, பணம் புரட்டி, ஊர் மண்ணைத் தொட்ட நிமிஷத்தில் உயிர் போயிற்று.

தூத்துக்குடித் துறைமுகத்தில்

நம் கரையோர மக்களின் கதை தனி. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து ஈரானுக்கு மீன்பிடிக்கப் போன தொழிலாளிகள் நூற்றுக்கணக்கானோர் உண்டு. அங்குள்ள படகு முதலாளிகளிடம் பங்குக்கும் கூலிக்கும் கடலோடுகிறவர்கள். 2020 பிப்ரவரி இறுதியிலேயே ஈரானுடன் விமானப் போக்குவரத்து நின்றுவிட்டது. இவர்கள் படகுகளிலும் நெருக்கடியான அறைகளிலும் முடங்கினார்கள். அங்கிருந்து செல்போனில் படம் பிடித்து அனுப்பி, "எங்களை அழைத்துப் போங்கள்" என்று கெஞ்சினார்கள். மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று, மே போயிற்று.

இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது ஜூலை 1-ந் தேதி. 687 பேர் இறங்கினார்கள். இடமில்லையென்று சிலர் அங்கேயே கரையில் விடப்பட்டனர். அதே கப்பல் ஜூன் மாதத்திலேயே கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் இரண்டு நடை தூத்துக்குடிக்கு ஆட்களைக் கொண்டுவந்திருந்தது. கடற்படை மாலுமிகள் அந்த வருஷம் 3,992 பேரைக் கடல் வழியாகக் கொண்டு வந்தனர். நோய்க்கு நடுவில் அந்த வேலையைச் செய்த மாலுமிகளுக்கு நமது வணக்கம் உரியது.

ஆனால் கேள்வி நிற்கிறது. கப்பல் இருந்தது, மாலுமி இருந்தான், கடல் மூடப்படவில்லை. பிறகு நான்கு மாதம் ஏன்? மீன்பிடித் தொழிலாளிக்குப் பதிலாக நான்கு மில் முதலாளிகள் அங்கே சிக்கியிருந்தால் நான்கு மாதம் ஆகியிருக்குமா?

இதில் உள்நாடு, வெளிநாடு என்ற பேதமும் இல்லை. மே 7-ந் தேதி முதல் விமானங்கள் கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் இறங்கின. மறுநாள் மே 8-ந் தேதி அதிகாலை, மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே, ரயில் பாதை வழியே ஊருக்கு நடந்துபோய்க் களைத்துத் தண்டவாளத்திலேயே தூங்கிவிட்ட தொழிலாளிகள் 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. வானத்தில் வந்தவனும் தண்டவாளத்தில் நடந்தவனும் ஒரே வர்க்கம். இருவரும் கேட்டது ஒன்றுதான்: வீட்டுக்குப் போக வேண்டும்.

உள்நாட்டுத் தொழிலாளிகளின் ரயில் டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டுவது என்று சர்க்கார்கள் தர்க்கம் செய்தன. தொழிலாளியிடம் டிக்கெட் பணம் வாங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு மே 28-ந் தேதி உத்தரவிட்டது. ரயிலில் வந்தவனுக்கு நியாயமாகப்பட்டது விமானத்தில் வந்த கூலிக்காரனுக்கு ஏன் அநியாயமாகப்பட்டது? கடல் தாண்டியதும் அவன் தொழிலாளி அல்லாமல் போய்விட்டானா?

பணமில்லை என்ற பொய்

"சொந்த லாபத்துக்காகப் போனவர்கள்; அவர்களுக்குப் பொதுப் பணத்தில் ஏன் டிக்கெட்?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். பதில் சொல்கிறோம்.

முதலாவது, அவர்கள் அனுப்பும் பணத்தை நாடு வேண்டாமென்று சொல்கிறதா? 2022-ம் வருஷத்தில் வெளிநாடு வாழ் இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 11,100 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குக் கூறுகிறது. ஒரே வருஷத்தில் பத்தாயிரம் கோடி டாலரைத் தாண்டிய முதல் நாடு இந்தியா. அதில் ஒரு பெரும் பகுதி வளைகுடாவின் வெயிலில் உழைத்துச் சேர்த்தது. பெட்ரோல் வாங்கவும் இயந்திரம் வாங்கவும் அந்த டாலர் தேவைப்படுகிறது. டாலர் வரும்போது "நாட்டின் செல்வங்கள்" என்று மாலை போடுகிறார்கள். டாலரை அனுப்பிய கை வெறுங்கையாய் நிற்கும்போது "சொந்த லாபத்துக்குப் போனவன்" என்கிறார்கள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி. கடந்த பிறகு நீ யார், நான் யார்!

இரண்டாவது, இதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது. 2009-ல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமூக நல நிதி. அது யார் பணம்? தூதராலயங்களில் பாஸ்போர்ட்டுக்கும் மற்ற பத்திரங்களுக்கும் போகிறவர்களிடம் கட்டணத்தோடு சேர்த்துச் சிறு தொகையாக வசூலித்தது. நிர்க்கதியாய் நிற்பவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம் என்று அதன் விதியே சொல்கிறது. அப்படியானால் அது தர்மமல்ல. தொழிலாளியின் சொந்தப் பணம். ஆனால் அந்த விதி "கொடுக்கலாம்" என்கிறதே தவிர "கொடுக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் இடுக்கில்தான் ஏழை சிக்கிக் கொள்கிறான்.

மூன்றாவது, மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்பதைச் சர்க்காரே காட்டியிருக்கிறது. 2015-ல் ஏமனில் குண்டு விழுந்தபோது கப்பலும் ராணுவ விமானமும் அனுப்பி 4,640 இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள். 2022 பிப்ரவரி 24-ந் தேதி உக்ரெய்ன் வானம் மூடப்பட்டது. அண்டை நாடுகளின் வழியாக 90 விமானங்களில் மாணவர்களைக் கொண்டுவந்தார்கள். செலவு முழுவதும் சர்க்காருடையது. நல்ல காரியம்! கடன் வாங்கி டாக்டர் படிப்புக்குப் போன அந்தப் பிள்ளைகளைக் கொண்டுவந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். அதை எந்தத் தொழிலாளியும் குறை சொல்ல மாட்டான். நாம் கேட்பதெல்லாம் இதுதான்: 2022-ல் செய்ய முடிந்ததை 2020-ல் கூலிக்காரனுக்கு ஏன் செய்யவில்லை?

விற்றுவிட்ட வண்டி

இன்னொரு பழைய பாடத்தையும் சொல்ல வேண்டும்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் அங்கே அகப்பட்டுக் கொண்டனர். பாலைவனம் கடந்து ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரத்துக்கு வந்து சேர்ந்தனர். அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஓயாமல் பறந்தன. ஆகஸ்டு 13 முதல் அக்டோபர் 11 வரை 488 நடைகள். லட்சத்துக்கு மேற்பட்டோர் பம்பாய் வந்து இறங்கினர். உலகத்தில் எந்தப் பிரயாணி விமானக் கம்பெனியும் அதுவரை அவ்வளவு பேரை அப்படி மீட்டதில்லை.

அது எப்படி முடிந்தது? அந்த விமானங்கள் மக்களின் சொத்து. 1953-ல் விமானக் கம்பெனிகள் தேசிய மயமாக்கப்பட்டன. விமானமும் விமானியும் என்ஜினீயரும் பொதுத் துறையில் இருந்தனர். "நாளை முதல் அம்மானுக்குப் போ" என்றால் போக வேண்டியதுதான். லாபக் கணக்குப் பார்த்து யாரும் தயங்கவில்லை.

2022 ஜனவரி 27-ந் தேதி அந்தக் கம்பெனி டாட்டாக்களின் கைக்குப் போயிற்று. ஒரு மாதத்துக்குள் உக்ரெய்ன் யுத்தம் மூண்டது! நேற்று வரை நமது சொந்த வண்டியாக இருந்ததை இன்று வாடகைக்கு எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. கடல் கடந்து நெடுந்தூரம் பறக்கும் விமானக் கம்பெனி சர்க்கார் கையில் இல்லாமல் போயிற்று. நஷ்டம், நஷ்டம் என்று சொல்லி விற்றார்கள். ஊருக்குள் தீயணைப்பு வண்டி இருக்கிறது. அது லாபம் சம்பாதிக்கிறதா என்று யாராவது கணக்குப் பார்ப்பதுண்டா? வீடு பற்றி எரிகிற நாளில்தான் அதன் மதிப்புத் தெரியும்.

இதைவிடப் பழைய ஞாபகம் நம் முதியவர்களுக்கு வீட்டில் சொல்லிக் கேட்டதாக இருக்கும். 1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானியர் ரங்கூனில் குண்டு வீசினர். பர்மாவில் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் வயலிலும் உழைத்த தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளிகள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பத் துடித்தனர். கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைத்தது யாருக்கு? துரைமார்களுக்கும் பணம் படைத்தோருக்கும். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தனர். வெள்ளையர்களுக்கு ஒரு பாதை, கறுப்பர்களுக்கு ஒரு பாதை என்று அதிலும் பிரித்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம் பேர்.

அது அந்நிய ஆட்சி. அவன் அப்படித்தான் செய்வான். சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகும் வீடு திரும்பும் வரிசையில் பணக்காரன் முன்னே, கூலிக்காரன் பின்னே என்றால், மாறியது என்ன?

கட்டணத்துக்குக் கடிவாளம்

வானம் ஓரிடத்தில் அடைபட்டால் மற்ற வழிகளில் டிக்கெட் விலை ராக்கெட் போல் ஏறுகிறது. பண்டிகைக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஏற்றிப் பழகியவர்கள் யுத்தத்துக்கும் ஏற்றுகிறார்கள். "மார்க்கெட் நிர்ணயிக்கிறது, சர்க்கார் தலையிட முடியாது" என்று சொல்லிக் கையை விரிப்பார்கள்.

முடியாதா? 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்களை மறுபடி விட்டபோது இதே சர்க்கார் டிக்கெட்டுக்கு உச்ச வரம்பு கட்டியது. 2022 ஆகஸ்டு வரை அது அமலில் இருந்தது. விமானக் கம்பெனிகள் வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. ஆக, முடியும். மனம்தான் வேண்டும்.

ஐரோப்பாவைப் பாருங்கள். அதுவும் முதலாளித்துவ நாடுகள்தான். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய வானம் பல நாள் மூடிக் கிடந்தது. சிக்கிய பிரயாணிகளுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுக்க வேண்டும் என்று 2004-லேயே அங்கு சட்டம் உண்டு. "எரிமலைக்கு நாங்களா பொறுப்பு?" என்று ஒரு கம்பெனி தகராறு செய்தது. பொறுப்பு யாருடையதானாலும் சோறு போட வேண்டியது உன் கடமை என்று ஐரோப்பியக் கோர்ட்டு 2013-ல் தீர்ப்புச் சொல்லிற்று. இது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. சட்டமாக எழுதி வைத்ததால் கிடைத்தது.

நாம் கோருவது

மத்திய சர்க்காரிடம் நாம் கோருவது இவை:

போக்குவரத்து நின்று சிக்கிக் கொள்ளும் கூலித் தொழிலாளிகள் அனைவரையும் சர்க்கார் தன் செலவில் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவை அவர்களை வேலைக்கு வைத்த கம்பெனிகளிடமிருந்து சர்க்கார் வசூலித்துக் கொள்ளட்டும்.

இந்திய சமூக நல நிதியின் விதியிலுள்ள "கொடுக்கலாம்" என்ற சொல் "கொடுக்க வேண்டும்" என்று மாற வேண்டும். வரவு செலவுக் கணக்கை வருஷந்தோறும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

நெருக்கடி நாட்களில் வெளிநாட்டு விமானக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு வேண்டும். ரத்தான டிக்கெட்டின் பணம் குறிப்பிட்ட நாளுக்குள் ரொக்கமாகத் திரும்ப வேண்டும்.

யார் முதலில் ஏறுவது என்ற பட்டியல் இரகசியமாக இருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், நோயாளிகள், வேலையிழந்தோர் முதலில். பட்டியல் தூதராலயத்தின் வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

விமானம் ஏறுமுன் ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளப் பாக்கியையும் தூதராலயம் எழுதிப் பதிந்து, அவன் சார்பில் வழக்கு நடத்த வேண்டும்.

மாநில சர்க்காரிடமும் கேட்கிறோம். வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் 2011-லேயே நிறைவேறியது. அதன்படி வாரியம் அமைந்ததோ பத்தாண்டு கடந்த பிறகு. கேரளத்தில் இதற்கெனத் தனி இலாகா 1996 முதல் இருக்கிறது. வாரியம் சென்னையில் பலகை மாட்டிக்கொண்டிருந்தால் போதாது. பரமக்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் குளச்சலிலும் அதன் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பி வந்தவனுக்கு வேலையும் கடன் தவணையில் அவகாசமும் தர வேண்டும்.

நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலிருந்து யாராவது புறப்பட்டால், ஏஜண்டு சர்க்காரில் பதிவு செய்தவனா என்று முதலில் விசாரியுங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் வாங்கி வையுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கேளுங்கள். பிரவாசி பாரதீய பீமா என்ற காப்பீட்டுப் பத்திரத்தைக் கையில் வாங்காமல் விமானம் ஏற விடாதீர்கள். போன இடத்தில் தூதராலயத்தில் பேரைப் பதியச் சொல்லுங்கள். சிறு காரியங்கள்தான். வானம் மூடும் நாளில் இந்தக் காகிதங்கள்தான் சாட்சி சொல்லும்.

நம்மிடமும் குறை உண்டு என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். ஆலை வாசலில் நிற்பவனைத் தொழிலாளி என்று பார்த்த நாம், கடல் தாண்டிப் போனவனை "வெளிநாட்டுக்காரன்" என்று பார்த்துவிட்டோம். அவன் பெட்டியோடு வந்தபோது பார்க்கப் போனோம். அவன் பாக்கியோடு வந்தபோது போகவில்லை. 2020-ல் திரும்பியவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, யாருக்கு எவ்வளவு சம்பளம் நின்றது, டிக்கெட்டுக்கு எங்கே கடன் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊர் ஊராக அந்தக் கணக்குச் சேரட்டும். தாலுகா ஆபீசுக்கும் கலெக்டருக்கும் அந்தக் கணக்கோடு போவோம்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். தனியாகச் சொன்னால் ஏறாதுதான். ஊரே திரண்டு சொன்னால் அம்பலம் இறங்கி வந்து கேட்கும். உழைத்துத் திரும்புகிறவனுக்கு வீட்டு வழி இலவசமாகத் திறக்க வேண்டும். அதைச் சட்டமாக எழுத வேண்டும். அடுத்த தடவை வானம் மூடுவதற்கு முன்பே எழுத வேண்டும்.